ஓர் அலுவலகத்துக்குக் கேதம் கேட்கப் போனோம்

இன்று காலை உங்களுக்கு வகுப்பெடுத்தவர் திரையில் ஒரு படம் காட்டினார். மேலிருந்து ஓர் அம்பு, கீழிருந்து ஓர் அம்பு, நடுவில் ‘ஊழியர் மனநிலை’ என்று ஒரு வட்டம். படம் நன்றாகத்தான் இருந்தது. பின்வரிசையில் சிலர் அதை போனில் பிடித்துக்கொண்டதையும் பார்த்தேன். ஆனால் அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம், எனக்குப் பேச்சு தடுமாறும்.

என் பெயர் வசந்தா. தேனியில் இதே தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். விடுப்பு விண்ணப்பம் முதல் கழிப்பறைப் பூட்டு வரை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதில் ஒரு வசதி உண்டு. எந்த மையத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த மையத்தில் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது என்பதெல்லாம் இயக்குநருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்போது எங்களுக்கு மூன்று மையங்கள் இருந்தன. மயிலாடும்பாறையில் தையல் பயிற்சி. ஜெயமங்கலத்தில் விவசாயக் கூலிப் பெண்களின் குழுக்கள். பண்ணைப்புரத்தில் குழந்தைகள் காப்பகம். இந்தக் காப்பகம் நீங்கள் மற்ற இடங்களில் பார்ப்பது போன்றது இல்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் போய்ப் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். ஆகவே எங்கள் காப்பகம் ஜீப்புக்கு முன்னால் திறந்துவிடும். தூங்கிக்கொண்டே வரும் குழந்தையைத் தாயின் தோளிலிருந்து ஆசிரியை தன் தோளுக்கு மாற்றி வாங்க வேண்டும். குழந்தை விழிக்கக் கூடாது. விழித்தால் அது அழும், அதைப் பார்த்துத் தாய் அழுவாள், ஜீப்காரர் ஹாரனை அமுக்குவார். அந்தக் கைமாற்றலில் ஆசிரியை சகாயமேரியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவளுடைய வாய் இருக்கிறதே, அது தூங்குகிற ஊரையே எழுப்பிவிடும். அவளோடு சமையலுக்கு ஒச்சம்மா, வண்டி ஓட்ட ஜக்கையன், உதவிக்கு இன்னும் சிலர். ஒச்சம்மாதான் அங்கே வயதில் மூத்தவர். கஞ்சிப் பானையும் அவருடையது, கடைசித் தீர்ப்பும் அவருடையது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்த நிதி நின்றது. நிர்வாகக் குழு கூடியது. வெளியிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார், மடிக்கணினியைத் திறந்தார், மூன்று மையங்களையும் தேனியில் ஒன்றாக இணைக்கலாம் என்றார். முடிவு இன்னும் எடுக்கவில்லை, யோசனை மட்டும்தான். ஆனால் தலைமை அலுவலகம் வழக்கம்போல வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தது. எல்லா மையங்களுக்கும் ‘மறுசீரமைப்பு நடைபெற உள்ளது’ என்று ஒரே வரியில் சுற்றறிக்கை போனது. அது போன மறுநாளே, இருக்கிற பொருட்களைக் கணக்கெடுக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் பண்ணைப்புரத்துக்குப் போய் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலி, பீரோ, தொட்டில், தராசு, கஞ்சிப் பானை என்று எல்லாவற்றிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர் நல்ல மனிதர்தான். சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் நீங்கள் அந்த மையத்தில் வேலை பார்க்கிறவராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

அந்த வாரக் கடைசியில் பண்ணைப்புரம் பஸ் நிறுத்தம், ரேஷன் கடைச் சுவர், டீக்கடைப் பலகை எல்லா இடத்திலும் ஒரு போஸ்டர் முளைத்தது. கறுப்புக் கரை போட்ட ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர். எங்கள் ஊர்ப்பக்கம் யார் இறந்தாலும் அச்சகக்காரர்தான் முதலில் அழுவார், அது உங்களுக்கே தெரியும். ஆனால் இதில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் மனித முகம் இல்லை. எங்கள் மையத்தின் கட்டடம் இருந்தது. சகாயமேரி கத்தோலிக்கக் குடும்பம், மற்றவர்கள் இந்துக்கள். யார் மனமும் கோணக்கூடாது என்று படத்துக்கு ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் குத்துவிளக்கு. ‘எங்கள் அன்பு மையம், மேலிடத்தின் மறுசீரமைப்பால் அகால மரணம் அடைந்தது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ‘ஆழ்ந்த துயரத்தில் வாடும்’ என்று ஆரம்பித்துத் தொட்டில்கள், கஞ்சிப் பானை, கால் உடைந்த நாற்காலி, ஓட்டை வண்டி, ‘மற்றும் ஸ்டிக்கர் ஒட்டப்படாத ஊழியர்கள்’ என்று முடித்திருந்தார்கள்.

போனில் வந்ததைப் படிக்கும்போதே நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

போஸ்டர் வாட்ஸ்அப்பில் வலம் வந்து நிர்வாகக் குழுச் செயலாளரின் போனை அடைந்தது. அவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பழைய குடும்பத்துக்காரர், நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். இயக்குநரை அழைத்தார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்கு எல்லாம் கேட்டது.

“எழுதுனது அந்த சகாயமேரிதான். ஊரே சொல்லுது. நீங்களும் வசந்தாம்மாவும் இன்னிக்கே போங்க. அது கைப்பட ராஜினாமா வாங்கிட்டுத்தான் தேனிக்குத் திரும்பணும். இல்லைன்னா நான் செயலாளரா இருக்க மாட்டேன்.”

இயக்குநர் “சரிங்க” என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். ஜெயமங்கலத்து விவசாயக் குடும்பம். மேடை ஏறினால் வியர்த்து ஊற்றும். கூட்டத்தில் அவர் பேசியதைவிடத் தண்ணீர் குடித்ததுதான் அதிகம். இப்படிப்பட்ட ஆள் எப்படித் தலைமை தாங்கினார் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று வீட்டுக்குப் போய், வழக்கமான பேன்ட் சட்டையை விட்டுவிட்டு வேட்டி கட்டித் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். காரை அவரே ஓட்டினார். போடியில் பூக்கடை முன்னால் நிறுத்திச் சம்பங்கி மாலை ஒன்று வாங்கச் சொன்னார்.

“மாலை எதுக்கு சார்?” என்றேன்.

“கேதம் கேக்கப் போறம்ல வசந்தாம்மா. வெறுங்கையோடயா போறது?”

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைக் கேதம் கேட்பது என்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற முகமாக இல்லை. மடியில் மாலை, மனதில் ராஜினாமா. அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போன் எதற்கு இருக்கிறது? எல்லோரும் முன்னறையில் வரிசையாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தார்கள். சகாயமேரியின் உதட்டில் பதில் தயாராக இருந்தது, எனக்குத் தெரிந்தது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். சின்னதுகள் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தன.

இயக்குநர் வாசலில் செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாலையைப் பெயர்ப் பலகையில் சார்த்தினார். நேராக ஜக்கையன் முன்னால் போய் நின்று, சாவு வீட்டில் ஆண்கள் செய்வார்களே, அப்படி இரண்டு கையையும் நீட்டினார்.

ஜக்கையன் விழித்தார். ஆனால் ஐம்பது வயது மனிதர், எத்தனை துக்க வீடு பார்த்திருப்பார்! மூளை யோசிக்கும் முன்னால் அவருடைய கை எழுந்து இயக்குநரின் கையைத் தொட்டுவிட்டது. இயக்குநர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எப்ப ஆச்சு? நல்லாத்தான இருந்துச்சு?”

சகாயமேரி தயாராக வைத்திருந்த பதில் எல்லாம் வேறு கேள்விக்கானது. நான் ஒச்சம்மாவைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் நான்தானே போக வேண்டும்? போய் அவர் முன்னால் உட்கார்ந்து தோளில் கை போட்டேன். அவ்வளவுதான், ஒச்சம்மா ஆரம்பித்துவிட்டார்.

“ஏலக்காட்டு ஜீப்பு வருதே, எந்திரிச்சு வா ஆத்தா! கதவத் தொறக்க ஆளில்லயே, கண்ணு மூடிப் போனியே ஆத்தா!”

பாதி விளையாட்டாகத்தான் எடுத்தார். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. சகாயமேரி ‘களுக்’ என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்து, எங்களையெல்லாம் பார்த்து, தானும் பங்குக்கு வீறிட்டது. அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டே ஒச்சம்மா கண்ணைத் துடைத்தார். இயக்குநரின் கேள்விக்குப் பதில் சொன்னார்.

“என்னத்தச் சொல்ல சார்! நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் காயிதம் வந்தன்னிக்கே மொகம் வாடிப் போச்சு. மறுநா ஒருத்தரு வந்தாக. வாங்கன்னேன், ஏறெடுத்துப் பாக்கல. பானையில ஒட்டுனாக, தொட்டில்ல ஒட்டுனாக. எல்லாத்துக்கும் போய்ச் சேர எடம் இருக்கு போல, அதான் நம்பர் போடுறாகன்னு நெனச்சேன். எங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஒட்டல. அன்னிக்குப் பேச்சு மூச்சு நின்னதுதான் சார்.”

இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். துக்க வீட்டில் கேட்கிற கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. அதையும் கேட்டார்.

“கடைசியா ஏதாச்சும் கேட்டுச்சா?”

இதற்கு சகாயமேரிதான் பதில் சொன்னாள். சண்டைக் குரல் போய்விட்டிருந்தது.

“கேட்டுச்சு சார். எங்களக் கூப்புட்டு உக்கார வச்சு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேன்னு கேட்டுச்சு.”

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்கிறேன். அவர் வந்தவுடன் ‘என்ன போஸ்டர் இது’ என்று அதட்டியிருந்தால் அவர்கள் அதட்டலுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். சிரித்துத் தட்டிக் கொடுத்திருந்தால் அவர்களும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். இரண்டிலும் ஸ்டிக்கர் கதை வெளியே வந்திருக்காது. அவர்கள் கேலியாகச் செய்ததை அவர் முழுசாக மதித்தார், அவர்கள் போட்ட சாவு வீட்டுக்குள்ளேயே துக்கம் விசாரிக்க வந்தார். உங்கள் ஊழியர் கேலி பேசினால் அதை ஒழுங்கீனம் என்று எழுதி வைப்பதற்கு முன்னால் அது எதைப் பற்றிய கேலி என்று பாருங்கள். நேராகச் சொல்லப் பயப்படுவதைத்தான் மனிதர்கள் கேலியாகச் சொல்கிறார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார். மேடை இல்லை, அதனால் வியர்க்கவில்லை.

“வெளியில இருந்து வந்த பணம் நின்னுபோச்சு. இனி வராது. மூணு கட்டடத்துக்கும் வாடகை குடுத்து நடத்த முடியாது. இது ரெண்டும் உறுதி. எத்தனை பேருக்கு வேலை நெலைக்கும், எத்தனை பேருக்குப் போகும்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு மறைக்கல, நெசமாவே தெரியல. என் வேலையும் அதுல இருக்கு. இங்கன விடியக்காலத்துல கதவு தொறக்குறத மட்டும் நிறுத்தக் கூடாதுன்னு நான் கூட்டத்துல சொல்லிருக்கேன். அதுக்கு இன்னும் சரின்னு சொல்லல.”

இத்தனை ‘தெரியாது’ சொன்னால் இவர்கள் இடிந்து போவார்களே என்று நினைத்தேன். நடந்தது வேறு. ஜக்கையன் நீளமாக மூச்சு விட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கட்டியிருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்தன. வாடகை இல்லாத இடம் கிடைத்தால் கட்டடத்தை விட்டுவிடலாமே, குழந்தைக்குக் கட்டடமா பெரிசு என்று ஒருவர் ஆரம்பித்தார். ஜீப் நிற்கிற இடத்துக்குப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது என்றார் மற்றொருவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருவர் முன்வந்ததும், அவர்களும் கூடச் சேர்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சகாயமேரி மட்டும் அதில் சேரவில்லை.

“சார், நான் ராஜினாமா எழுதித் தரணும்ல? போடியில இருந்து சொல்லிட்டாக.”

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“கேத வீட்டுல எழுத்து வேலை எதுவும் பாக்கக் கூடாதுத்தா” என்றார் அவர்.

எழுந்தார். துக்க வீட்டில் விடைபெறுவது கிடையாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவரும் அப்படித்தான் பேசாமல் வாசல்வரை போனார். செருப்பை மாட்டினார். பிறகு நன்றாகத் திரும்பி நின்று, எல்லோர் முகத்தையும் பார்த்து, அந்தக் கட்டடத்தில் அன்றுவரை கேட்ட குரல்களிலேயே உரத்த குரலில் சொன்னார்.

“அப்ப நான் போயிட்டு வர்றேன்!”

ஒச்சம்மா பதறிப் போனார். “ஐயையோ, என்ன சார், கேத வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது சார்!”

“அதுக்குத்தான் சொல்றேன் ஒச்சம்மா.”

ஒரு நொடி ஆயிற்று அவர்களுக்குப் புரிய. முதலில் ஜக்கையன் சிரித்தார். அப்புறம் எழுந்த சிரிப்பில் தொட்டிலில் பாக்கியிருந்த குழந்தைகளும் விழித்துக்கொண்டன. சகாயமேரி நாற்காலி மேலே ஏறிப் பெயர்ப் பலகையிலிருந்த மாலையைக் கழற்றி எடுத்துவிட்டாள். நாங்கள் காரில் ஏறும்போது அந்த மாலை ஒச்சம்மா மடியிலிருந்த குழந்தையின் கழுத்தில் கிடந்தது.

என் நிம்மதி வழியில் தேவாரம் என்ற ஊர்வரைதான் தாங்கியது. அங்கே டீக்கடையில் நிறுத்தினோம். செயலாளருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். இயக்குநர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே போன் போட்டார்.

“கேதத்துக்குப் போயிருந்தோம்ங்க. துக்க வீட்டுல போய் ராஜினாமா கேக்குறது முறை இல்லை, கேக்கல. ஆனா ஒரு சங்கடம். எல்லாரும் வந்துட்டாக, செயலாளர் மட்டும் இன்னும் எட்டிப் பாக்கலையேன்னு அங்கன கேட்டாக.”

எனக்கு டீ புரையேறியது. அப்படி யாரும் கேட்கவே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து மனிதர்களை அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள், கேதத்துக்கு வரவில்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். பிறகு செயலாளர், “யாரு, என்னையா கேட்டாக?” என்றார்.

மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. நானும் இயக்குநரும் முன்பே போய்க் காத்திருந்தோம். அவரும் ஜக்கையன் முன்னால் வந்து நின்றார். கை தானாக நீண்டது. பழக்கம் யாரை விட்டது! ஆனால் உட்காரவில்லை. நேராக சகாயமேரியிடம் போனார்.

“நீதான எழுதுன?”

“ஆமா சார். நான்தான்.” அவள் எழுந்து நின்றாள். பின்வாங்கவில்லை.

“கஞ்சிப் பானைக்கு எடம் இருக்கு. ஓட்டை வண்டிக்கு எடம் இருக்கு. என் பேர ஏன்த்தா போடல?”

இவ்வளவு நாள் அவருடைய கோபத்துக்கு நாங்கள் எல்லோரும் வேறு காரணம் வைத்துக்கொண்டிருந்தோம்.

“இந்த மையம் ஆரம்பிக்கயில மொதத் தொட்டில நானும்தான செமந்துக்கிட்டு வந்தேன்? கூட்டத்துல ஒத்த ஆளா ஒக்காந்து இத மூடணுமா மூடணுமான்னு நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும்? நான் துக்கத்துல இல்லயா?”

சகாயமேரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களும் எங்களோட துக்கப்படுவீகன்னு தெரியாமப் போச்சு சார்” என்றாள். அதில் கேலி துளியும் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒச்சம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் செயலாளர் உட்கார்ந்தார். மேலிடம், மேலிடம் என்று நாம் பேசுகிறோமே, அங்கேயும் ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள்ளும் ஆள் இருக்கிறார். ஊழியர் மனநிலையை மட்டும் அளந்துகொண்டிருந்த எங்களுக்கு அது அன்றுதான் புரிந்தது.

ஒரு டம்ளர் கஞ்சி குடித்தபிறகு செயலாளர், ஜீப் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தன் பழைய ஏலக்காய்க் கிட்டங்கி சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது என்றார். சரக்கு வைக்கிற இடம்தானே, பிள்ளைகளுக்கு ஆகுமா என்று அவரே சந்தேகமும் கேட்டார். ஜக்கையன் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

புறப்படும்போது சகாயமேரி தயங்கித் தயங்கி அவர் முன்னால் போய் நின்றாள். “சார், ராஜினாமா…”

“அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த போஸ்டர்ல என் பேரு மொதல்ல இருக்கணும், சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு, கார்வரை போய்த் திரும்பி, “போயிட்டு வர்றேன்” என்றார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று உங்களிடம் பெருமை பேசமாட்டேன். மயிலாடும்பாறை தையல் பயிற்சியை அங்கிருந்த பெண்களே ஏற்று நடத்தும்படி விட்டுவிட்டோம். ஜெயமங்கலத்தில் நல்ல ஊழியர்கள் சிலரை அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் இயக்குநரே போய்ப் பேசினார். சுற்றறிக்கை ஒன்றுகூடப் போகவில்லை. அழுதார்கள், ஆனால் ஒருவர்கூட நம்மைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. பிறகு இயக்குநர் தன் பதவியையே பாதி நேர வேலையாக மாற்றிக்கொண்டு, மீதி நேரத்துக்கு வாழைத் தோட்டத்துக்குப் போனார். தண்ணீர் குடித்துக்கொண்டு மேடையில் நிற்பதைவிடத் தண்ணீர் பாய்ச்சுவது சுகம் என்றார்.

கிட்டங்கிக்குக் குடிபெயர்ந்த நாள் கல்யாணம்தான் போங்கள். ஜக்கையன் தொட்டில்களையும் பானையையும் வண்டியில் ஏற்றினார். கடைசியில் ஒச்சம்மா வந்தார். எங்கிருந்தோ மிச்ச ஸ்டிக்கர் ஒன்றைத் தேடி எடுத்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டு, “நானும் லிஸ்ட்ல இருக்கேன், ஏத்துங்கய்யா” என்று தொட்டில்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. இந்த முறை கறுப்புக் கரை இல்லை, மஞ்சளும் சிவப்பும். புதுமனை புகுவிழா. அழைப்பதில் மகிழும் பெயர்களில் செயலாளர் முதலில் இருந்தார். இரண்டாவது கஞ்சிப் பானை. செயலாளர் விழா முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறவர்களை வரவேற்றார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் யாரோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். யார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கை சமைக்கிற கை.

அங்கே இப்போதும் விடிவதற்கு முன் கதவு திறக்கிறது. சுவரெல்லாம் ஏலக்காய் வாசம். மாலையில் மலையிலிருந்து இறங்கும் தாய்மாரின் சேலையிலும் அதே வாசம்தான். அதனாலோ என்னவோ, பிள்ளைகள் முன்னைப்போல அழுவதில்லை என்று சகாயமேரி சொல்கிறாள். அவள்தான் இன்று அந்த மையத்தின் பொறுப்பாளர். நாளை நீங்கள் களப் பயிற்சிக்குப் போகும்போது உங்களை வரவேற்கப்போவது அவள்தான். பேச்சில் ஜாக்கிரதையாக இருங்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற நாளில் இதே கூடத்தில் விழா வைத்தார்கள். சால்வை போட்டார்கள், புகழ்ந்தார்கள். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது பையை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கேட் வரை போய்விட்டேன். பின்னால் சாப்பிட்ட கையோடு சகாயமேரி ஓடிவந்தாள். அந்தக் குரல் பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஏன்க்கா, சொல்லாமக் கொள்ளாமப் போறீக? இதென்ன கேத வீடா?”

நான் நின்றேன். திரும்பி, அழுதுகொண்டேதான், அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன்.

சொல்லிவிட்டுப் போனதால்தான், பிள்ளைகளே, இன்று வந்திருக்கிறேன்.